சுண்ணாம்பு அடிக்க மட்டுமா நாங்கள்?



சென்ற வருடம் எமது பகுதியிலுள்ள ஓர் அரசாங்க வைத்தியசாலையில் சிரமதானம் என்று எமது சங்கத்துக்கும் அழைப்பு வந்தது. போனோம். ஞாயிற்றுக்கிழமை. கிழமையில் எமக்கென்று இருக்கும் ஒரே நாள். துணி துவைக்கவும், விறகு பொறுக்கவும், பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்துச் சீவவும் கிடைக்கும் அந்த ஒரு நாளை வைத்தியசாலைக்குக் கொடுத்தோம். ஆண்கள் புல் வெட்டினார்கள், கான் துப்புரவு செய்தார்கள், வார்ட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெண்கள் தரை கழுவினார்கள், யன்னல் துடைத்தார்கள். பகல் ஒரு பணிஸும் தேத்தண்ணியும் கிடைத்தன. படம் பிடித்தார்கள். "தோட்ட மக்களின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் இந்த வைத்தியசாலையே இல்லை" என்று ஒருவர் பேசினார். நாமும் கை தட்டினோம்.

அடுத்த மாதம் அதே வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழு கூடியது. அதில் எமக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டோம். "குழு நிரம்பிவிட்டது, பெயர்கள் ஏற்கனவே போய்விட்டன" என்றார்கள். யார் அந்தக் குழுவில் என்று விசாரித்தோம். டவுன் கடை முதலாளிகள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தோட்ட நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் இருக்கிறார். லயத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. காலை ஆறு மணிக்கே போய் வெளிநோயாளர் பிரிவில் வரிசை பிடிப்பவர்களில் பெரும்பாலானோர் லயத்து மக்கள். ஆனால் அந்த வரிசை எத்தனை மணிக்கு நகர வேண்டும், எந்த நாளில் எந்தக் கிளினிக், யார் எந்த மொழியில் பேசுவார்கள் என்று கலந்து பேசும் மேசையில் எமக்கு ஒரு நாற்காலி கிடையாது.

கேட்கிறோம்: சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க நாங்கள் வேண்டும், சுவருக்குள் நடப்பதைப் பற்றிப் பேச மட்டும் நாங்கள் வேண்டாமா?

ஒரு மாத்திரையின் கதை

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. எமது அங்கத்தவர் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். அவர் பெயரையும் தோட்டத்தையும் வைத்தியசாலையையும் நாம் சொல்லப் போவதில்லை. அவர் கேட்டுக்கொண்டது அது.

நாற்பத்தெட்டு வயதுத் தாய். கொழுந்து பறிப்பவர். சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். கிளினிக் கொப்பி கொடுத்தார்கள். வைத்தியர் பேசிய மொழி தாய்க்கு விளங்காது, தாய் பேசியது வைத்தியருக்கு விளங்காது. ஆகவே ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகள் பாடசாலையை விட்டு அம்மாவோடு போனாள். பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்த சிங்களத்தை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். அம்மாவிடம் கேட்ட சில கேள்விகளைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டாள். அம்மாவும் பிள்ளைக்கு முன்னால் பதில் சொல்ல வெட்கப்பட்டார். இருவரும் தலையை ஆட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

மாத்திரை காலைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும். மகள் அதைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தாள். தாயும் சொன்னபடிதான் செய்தார். விடிய எழும்பி, வெறும் தேத்தண்ணியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார். தன் பங்கு ரொட்டியைப் பையில் வைத்துக்கொண்டார், தேத்தண்ணி நேரத்தில் சாப்பிடலாம் என்று. எமது பெண்கள் நூற்றுக்கணக்கானோர் சாப்பிடுவது அந்த நேரத்தில்தான். அந்த நேரம் வருவதற்கு முன்பே, செங்குத்தான மலையில், கூடையோடு மயங்கி விழுந்தார். கை முறிந்தது. இரண்டு மாதம் மலைக்குப் போக முடியவில்லை. பேர் இல்லை, சம்பளம் இல்லை. அடகுக்குப் போன தோடு இன்னும் திரும்பவில்லை.

இதில் யார் குற்றவாளி? வைத்தியர் மாத்திரையைப் பிழையாக எழுதவில்லை. மகள் பிழையாக மொழிபெயர்க்கவில்லை. தாய் பிழையாக விழுங்கவில்லை. ஆனால் "நீங்கள் காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்ற ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் நாங்கள்தான். நாங்கள்தான் அந்த அறையில் இல்லை.

"படிக்காதவர்களுக்கு வைத்தியம் பற்றி என்ன தெரியும்?"

இந்தக் கேள்வியை எம்மிடம் நேராகவும் கேட்டிருக்கிறார்கள், சுற்றி வளைத்தும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்கிறோம்.

வைத்தியம் எமக்குத் தெரியாது. எந்த மருந்து எந்த நோய்க்கு என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் வைத்தியருக்குத் தெரியாத சில விடயங்கள் எமக்குத் தெரியும். மேற்பிரிவிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று எமக்குத் தெரியும். எட்டு மணிக்கு நம்பர் கொடுத்து முடித்துவிட்டால் மேற்பிரிவு மக்கள் ஓட்டோ பிடித்துத்தான் வர வேண்டும், அல்லது வராமல் இருக்க வேண்டும் என்று தெரியும். "காயத்தில் ஈரம் படக்கூடாது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர் அடுத்த நாள் மழையில் படங்கு கட்டிக்கொண்டு மலையில் நிற்பார் என்று தெரியும். "கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்" என்று போஸ்டர் ஒட்டிய லயத்தில் பீலித் தண்ணி இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது என்று தெரியும். கர்ப்பிணிப் பெண்ணுக்கு "பாரம் தூக்காதே" என்று எழுதிய துண்டைக் கங்காணி பார்த்தாரா, பார்த்தும் எந்த மலைக்கு அனுப்பினார் என்று தெரியும். குளவி கொட்டியவரைத் தூக்கிக்கொண்டு வர, 1990 சுவசெரிய அம்புலன்ஸ் எந்த வளைவு வரைக்கும்தான் வரும் என்று தெரியும்.

இவை படிப்பில் வருபவை அல்ல, வாழ்வதில் வருபவை. இவை தெரியாமல் போடப்படும் எந்தச் சுகாதாரத் திட்டமும் காகிதத்தில் மட்டும் நடக்கும். 2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். எமது பிள்ளைகளை நிறுத்தும் தராசு இருக்கிறது, குறிக்கும் கார்ட் இருக்கிறது, சொல்லிக் கொடுக்கும் வகுப்பும் இருக்கிறது. பின் ஏன் இந்த நிலை? அந்தத் தாயிடம் போய் "என்ன செய்தால் உனக்கு இது முடியும்?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

கேட்காமல் செய்த வைத்தியம்

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1912ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காக வெள்ளைக்காரன் கட்டளைச் சட்டம் கொண்டு வந்தான். எம்மீது கொண்ட பாசத்தால் அல்ல. படுத்துக் கிடக்கும் கூலியால் கூடை நிரம்பாது என்பதால். அன்று முதல் தோட்ட வைத்தியம் "இவன் வேலைக்குப் போகலாமா, போக முடியாதா" என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், நோயாளிக்கு ஒரு காதையும் துரைக்கு ஒரு காதையும் கொடுக்க வேண்டிய நிலையில்தான் வைக்கப்பட்டார்.

1948இல் எமது பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது, பின்னால் வாக்குரிமையும் போனது. நாடற்றவன் எந்த அலுவலகத்தில் போய் முறைப்பாடு செய்வான்? வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு என்று எமது முன்னோர் பழகியது அப்படித்தான். கருத்தடை ஒப்பரேஷனுக்குத் தங்களை எப்படி அழைத்துப் போனார்கள், எந்த மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைத்தோம் என்று பாட்டிமார் சிலர் இன்றும் சொல்கிறார்கள். விருப்பத்தோடு போனவர்களும் உண்டு. விளங்காமல் போனவர்களும் உண்டு. கேட்காமல் செய்யப்படும் வைத்தியம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

தோட்டங்களை 1970களில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது, மற்றவை அப்படியே கிடக்கின்றன. இன்று கம்பனியிடம் கேட்டால் "சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை" என்கிறது. அரசாங்க அலுவலகத்தில் கேட்டால் "அது தோட்டத்துக் காணி" என்கிறார்கள். இருவருக்கும் நடுவில் நாம் பந்து. இந்தப் பந்தாட்டத்தை நிறுத்த ஒரே வழி, இருவரும் உட்காரும் மேசையில் நாமும் உட்கார்ந்து, "இரண்டு பேரும் இங்கேயே இருக்கிறீர்கள், இப்போது சொல்லுங்கள்" என்று கேட்பதுதான்.

இது பிச்சை அல்ல

தமிழ் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. நாட்டின் எந்தப் பகுதியிலும் அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் எமக்கு உரிமை உண்டு என்று 1988இல் 16ஆவது திருத்தம் உறுதி செய்தது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையின் படிப்பைக் கெடுத்து ஓர் அரசாங்க வைத்தியசாலை தனக்கு மொழிபெயர்ப்பாளர் தேடிக்கொள்வது இந்த உரிமைக்கு அவமானம்.

1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகள், தமது சுகாதார சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமை, கடமை என்று பிரகடனம் செய்தன. உரிமை மட்டுமல்ல, கடமையும் என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இது எமக்கும் சொல்லப்பட்ட பாடம்.

நாம் வைத்தியருக்கோ தாதிக்கோ எதிரிகள் அல்ல. 2022 நெருக்கடியில் மருந்தில்லாமல் அவர்கள் பட்ட பாடு எமக்குத் தெரியும். எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனதும் தெரியும். மலைக்கும் லயத்துக்கும் நடந்தே வரும் மருத்துவ மாதுவை எமது பெண்கள் சொந்தச் சகோதரி போலத்தான் பார்க்கிறார்கள். ஆளில்லாத இடத்தில் தனியாக நின்று நூற்றுக்கணக்கானோரைப் பார்ப்பவருக்கும் எமது குரல் துணைதான். "இங்கே தமிழ் பேசும் உத்தியோகத்தர் வேண்டும், இன்னொரு வைத்தியர் வேண்டும்" என்று அவர் மேலே எழுதினால் அது ஒரு கடிதம். அவரோடு சேர்ந்து நாம் கேட்டால் அது கோரிக்கை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வைக்கிறோம். தொண்டு என்ற பெயரில் வெற்றிடத்தை எம்மை வைத்து அடைக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளருக்குப் பதில் எமது பிள்ளை, துப்புரவுத் தொழிலாளிக்குப் பதில் எமது ஞாயிற்றுக்கிழமை, அம்புலன்ஸ் பாதைக்குப் பதில் எமது தோள் என்று இருக்கக்கூடாது. நாம் தர முன்வருவது எமது உடம்பை அல்ல. அதைத் தோட்டத்துக்கு ஏற்கனவே கொடுத்துவிட்டோம். நாம் தர முன்வருவது எமது அறிவும் குரலும்.

எமது வீட்டையும் கூட்டுவோம்

மற்றவர்களை மட்டும் குறை சொன்னால் அது நேர்மையல்ல. சில இடங்களில் ஆசனம் கிடைத்திருக்கிறது. என்ன நடந்தது? தலைவர் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையோடு போனார், முன்வரிசையில் உட்கார்ந்தார், தேத்தண்ணி குடித்தார், வந்தார். என்ன பேசினார்கள் என்று லயத்துக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிப் போவதும் பெண்கள். ஆசனம் மட்டும் ஆணுக்கு. இதை மற்றச் சங்கங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. எமது சங்கத்துக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

இன்னொன்று. சங்கப் போட்டியை வைத்தியசாலை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டாம். பிரஷருக்கும் சீனிக்கும் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம் என்று தெரியாது. ஒரு தோட்டத்திலிருந்து ஒருவர் போவதென்றால், எல்லாச் சங்கத்தினரும் கூடி, நோயையும் நோயாளியையும் அறிந்த ஒருவரைத் தெரிவு செய்து அனுப்புவோம்.

அப்படிப் போகிறவருக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒருவரின் நோயை லயத்துக் கதையாக்கக்கூடாது. தன் சொந்தக்காரருக்கு முன் நம்பர் வாங்கிக் கொடுக்கும் தரகராகக்கூடாது. ஒவ்வொரு கூட்டமும் முடிந்து ஒரு கிழமைக்குள், என்ன கேட்டோம், என்ன பதில் கிடைத்தது என்று தோட்டக் கமிட்டியிலும் மாதர் சங்கத்திலும் சொல்ல வேண்டும். சொல்லாதவரை மாற்றுவோம்.

நாம் கேட்பவை

ஒன்று: தோட்ட மக்கள் போகும் ஒவ்வோர் அரசாங்க வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவிலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை கூட்டும் கூட்டங்களிலும், தொழிலாளர் தாமே தெரிவு செய்த இருவருக்கு இடம் வேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டு: அந்தக் கூட்டங்களில் தமிழில் பேசவும், கூட்ட அறிக்கையைத் தமிழில் பெறவும் வழி வேண்டும். கிளினிக் நாளில் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். மருந்துத் துண்டிலும் மருந்துப் பக்கற்றிலும் தமிழ் இருக்க வேண்டும்.

மூன்று: கூட்டத்துக்குப் போகும் நாளுக்குத் தோட்ட நிர்வாகம் முழுப் பேர் போட வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு இலவசத் தொண்டு என்பது கிடையாது. ஒரு நாள் கூட்டம் என்றால் ஒரு நாள் அடுப்பு. பேர் போடாவிட்டால், வசதியுள்ளவர் மட்டும்தான் எமக்காகப் பேசப் போவார். நிர்வாகம் இணங்கும் வரைக்கும் அந்த நாட்சம்பளத்தையும் பஸ் செலவையும் சந்தாப் பணத்திலிருந்து கொடுக்க எமது சங்கம் முன்வர வேண்டும் என்று இங்கேயே பகிரங்கமாகக் கேட்கிறோம்.

நான்கு: நாட்பட்ட நோய்க் கிளினிக்குகளின் நாளும் நேரமும் தொழிலாளரோடு பேசித் தீர்மானிக்கப்பட வேண்டும். மாதம் ஒரு முறையாவது ஞாயிற்றுக்கிழமையில் வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். மருந்தா, அன்றைய பேரா என்று தெரிவு செய்ய வைப்பது வைத்தியம் அல்ல.

ஐந்து: அம்புலன்ஸ் ஏற முடியாத தோட்டப் பாதைகளைப் பிரதேச சபை பொறுப்பேற்க வேண்டும். தோட்டங்களுக்கும் சேவை செய்ய வழிவிட்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இனியும் "தோட்டத்துக் காணி" என்று சொல்ல இடமில்லை.

இந்த மாதமே செய்யக்கூடியவை

கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது எமது பழக்கம் அல்ல. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்கட்டும். வைத்தியசாலைக்குப் போய் வந்தவர் சொல்வதைத் திகதியோடு எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், சொன்னது விளங்கியதா, எழுதிய மருந்து கிடைத்ததா, எத்தனை ரூபா செலவு, எத்தனை பேர் போனது. நல்லது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். நோயின் பெயரும் நோயாளியின் பெயரும் கொப்பியில் வேண்டாம். மூன்று மாதக் கொப்பியோடு போகிறவரை "உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறீர்கள்" என்று யாரும் அனுப்பிவிட முடியாது.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. உங்கள் வைத்தியசாலைக் குழுவில் யார் யார், கடைசிக் கூட்டம் எப்போது, என்ன தீர்மானம், தமிழ் பேசும் உத்தியோகத்தர் எத்தனை பேர், எத்தனை வெற்றிடம் என்று கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது அவரது கடமை என்று சட்டமே சொல்கிறது. எழுதத் தெரியாது என்று எமது தாய்மார் இனிப் பின்வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆளைத் தேடுங்கள். நன்றாகப் பேசுகிறவரை அல்ல, நன்றாகக் கேட்கிறவரை. பிள்ளைக் காம்பராவில் உங்களுக்கு நம்பிக்கையான தாய் ஒருவர் இருப்பார். படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளில் ஒருவர் இருப்பார். அடுத்த மாதச் சந்தா நாளில் அவர் பெயரைக் கமிட்டியில் சொல்லுங்கள்.

1940இல் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டபோது தொழிலாளர் கேட்டதும் தமது சம்பளத்தைப் பற்றித் தாமே பேசும் உரிமையைத்தான். 1,000 ரூபாவுக்காக நாம் எத்தனை வருடம் வீதியில் நின்றோம் என்பதும், 2021இல் அது கிடைத்ததும் எல்லோருக்கும் தெரியும். சம்பளத்துக்கு மேசை வேண்டும் என்று கேட்கத் தெரிந்த எமக்கு, உடம்புக்கும் ஒரு மேசை வேண்டும் என்று கேட்கத் தெரியாதா?

கை முறிந்த அந்தத் தாய் இப்போது திரும்ப மலைக்குப் போகிறார். காலையில் முதலில் ரொட்டி தன் வாய்க்கு, பிறகுதான் கூடை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, விழுந்து கற்றுக்கொண்டார். மகள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: அடுத்த கிளினிக்குக்குத் தான் வரமாட்டாளாம், அன்றைக்குக் கணிதப் பரீட்சையாம். அவள் சொல்வது சரி. அவள் பரீட்சைக்குப் போகட்டும். அவள் நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டியவர்கள் நாம்.

அடுத்த சிரமதானத்துக்கு அழைப்பு வந்தாலும் போவோம். சுண்ணாம்பு வாளியை ஒரு கையில் எடுப்போம், கொப்பியை மறு கையில் எடுப்போம். முதலில் குழுவில் எமது ஆசனம் எங்கே என்று கேட்போம். பதில் கிடைத்த பிறகு தூரிகையைத் தொடுவோம்.

எமது உடம்பு, எமது குரல்! ஒன்றுபடுவோம் தோழர்களே!